மூலிகைக்குப் பெயர் சொன்னவர்கள்

இருமலுக்கு ஆடாதோடை இலையைக் குடிநீராகக் காய்ச்சிக் கொடுப்பது தமிழ் மக்களிடையே நெடுங்கால வழக்கம். ஆடு தொடாத செடியாதலால் அப்பெயர் பெற்றது என்பர். சிங்கள மக்களும் ஏறத்தாழ அதே பெயரால் அதனை அழைக்கின்றனர். சுவீடன் தேசத்துத் தாவரவியலறிஞர் லின்னேயஸ் 1753இல் இச்செடிக்கு இட்ட அறிவியற்பெயர் ஜஸ்டீசியா அதாதோடா என்பதாகும். இலங்கை மண்ணை ஒருநாளும் மிதித்தறியாத அவருக்கு இச்சொல் எவ்வாறு கிட்டியது?

ஒல்லாந்தர் ஆட்சியில், 1672ஆம் ஆண்டு, போல் ஹேர்மன் என்னும் வைத்தியர் கம்பனியின் ஊழியராகக் கொழும்புக்கு வந்தார். ஜேர்மன் தேசத்தில் பிறந்தவர் அவர். சில ஆண்டுகள் இங்கு தங்கிச் செடிகொடிகளைப் பறித்து உலர்த்தி, ஊரார் வழங்கிய பெயர்களையும் குறித்துக் கொண்டார். பின்னர் லைடன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, 1687இல் வெளியிட்ட நூலில் ஆடாதோடையை இலங்கையர் வழங்கும் பெயராலேயே குறித்தார். அவர் தொகுத்த உலர்செடி ஏடுகள் பலர் கைமாறி லின்னேயசிடம் சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்தே இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தமது நூலை லின்னேயஸ் 1747இல் வெளியிட்டார். செடி கடல் கடந்தது. பெயரும் உடன் சென்றது. பெயரைச் சொன்னவர் பரிகாரியோ, விறகு வெட்டியோ, மருந்திடித்த மூதாட்டியோ, எவரென்று அந்நூல்களின் வாயிலாக அறிதற்கில்லை.

அதே காலத்தில், அதே கம்பனியின் கீழ், மலையாளக் கரையில் நடந்தது வேறு. கொச்சியில் தளபதியாயிருந்த ஹென்றிக் வான் றீட் அந்நாட்டு மூலிகைகளையெல்லாம் படத்துடன் நூலாக்கத் துணிந்தார். அறிவு வேட்கை மட்டுமே காரணமன்று. ஒல்லாந்தரின் தலைமையிடமாகக் கொழும்பே விளங்க வேண்டுமென மேலதிகாரியான வான் கூன்ஸ் வாதாடிய வேளையில், மலையாளத்தின் வளத்தை மெய்ப்பிக்க வேண்டிய தேவையும் அவருக்கிருந்தது. அரசியற் போட்டியிலும் சில வேளை நல்ல நூல் பிறப்பதுண்டு!

இதற்கு அவர் நாடியவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன். கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவர் குலத்துப் பரம்பரை வைத்தியர். சாதி வேற்றுமை கடுமையாயிருந்த அந்நாளில் அவரும், ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் ஒரே பணியில் ஈடுபட்டனர். தம் குடும்பத்து ஏட்டிலிருந்த மரஞ்செடிகொடிகளின் பெயரையும் மருத்துவக் குணத்தையும் அச்சுதன் எடுத்துரைக்க, இம்மானுவேல் கர்னேரோ என்னும் மொழிபெயர்ப்பாளர் அதனைப் பெயர்த்தெழுதினார். 1675ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், தாம் கூறியவை உண்மையென அச்சுதன் கோலெழுத்திற் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த முதற்றொகுதியில் வான் றீட் அதனை அவ்வெழுத்து வடிவத்திலேயே இடம்பெறச் செய்தார்.

ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்னும் அப்பெருநூல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்து, 700க்கு மேற்பட்ட செடிகளை விவரித்தது. கரிம்பனை முதலிய மலையாளப் பெயர்களோடு அது பனையைப் பற்றிக் கூறியதை லின்னேயசும் எடுத்தாண்டார். ஆயினும் லத்தீன் கற்றோரன்றிப் பிறர் அதனை முழுமையாகப் படிக்க இயலவில்லை. கேரளப் பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இலும், மலையாள மொழிபெயர்ப்பு 2008இலும் வெளிவந்தன. அச்சுதனின் ஊராருக்கு அவர் சொன்னது தாய்மொழியில் திரும்பிவர முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் சென்றன.

ஆடாதோடையின் கதையும் அத்துடன் நின்றுவிடவில்லை. அதிலுள்ள வசிசின் என்னும் பொருளை அடியொற்றி 20ஆம் நூற்றாண்டில் புரோம்ஹெக்சின் என்னும் சளிமருந்து செயற்கையாக ஆக்கப்பட்டது. ஹேர்மனின் ஏடுகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட் காட்சியகத்தில் உள்ளன. உலர்ந்த செடிகளின் அருகே அவர் குறித்துவைத்த இலங்கைப் பெயர்கள் இன்றும் காணக்கிடக்கின்றன. இட்டி அச்சுதனின் சான்றிதழைப் போன்ற ஓர் ஏடு அவற்றுள் இல்லை.