படம் என்னும் ஒரு சொல்

தமிழ் மக்கள் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ‘படம்’ என்பதும் ஒன்று. சிறு பிள்ளையும் அறிந்த இச்சொல்லுக்குரிய பொருள்களோ பல. கொழும்பு மாநகரின் பழைய நிழற்படங்கள் சிலவற்றை முன்வைத்து நோக்கினால், அப்பொருள்கள் மக்கள் வாழ்வில் எங்ஙனம் இடம்பெற்றன என்பது புலனாகும்.

முதலாவது, குடும்பப் படம். 1839ஆம் ஆண்டு பிரான்சிலே டாகர் என்பாரால் உலகறியச் செய்யப்பட்ட நிழற்படக் கலை, விரைவில் இலங்கையையும் எட்டியது. 1860களில் ஸ்கீன் நிறுவனமும், 1890இல் பிளாட்டே நிறுவனமும் கொழும்பிலே தொழில் தொடங்கின. அக்காலப் படங்களில் தந்தை நாற்காலியில் அமர்ந்திருப்பார். தாய் அருகே நிற்பார். பின்னே சோலையோ மாளிகையோ தீட்டிய சீலையொன்று தொங்கும். அச்சீலையே இச்சொல்லின் பழம்பொருள். வடமொழியில் ‘பட’ என்பது நெய்த துணி. துணியில் ஓவியம் எழுதினர், ஓவியமும் படமாயிற்று. மயிலுக்குப் பேகன் ஈந்த ‘படாம்’ இதன் உறவுச் சொல்லே. ஆகவே, அந்தக் குடும்பப் படத்தினுள்ளே மற்றொரு படமும் இருந்தது.

இரண்டாவது, கடல் கடந்து வந்த பயணிகள் விரும்பி வாங்கிய அஞ்சலட்டைப் படம். பாம்பாட்டி மகுடி ஊதுகிறான்; நாகபாம்பு படம் எடுத்து நிற்கிறது; நிழற்படக்காரரும் எதிரே நின்று படம் எடுக்கிறார்! இருவர் செயலுக்கும் சொல் ஒன்றே. ஆயினும் பாம்பின் படத்திற்கு அறிஞர் காட்டும் வேர் ‘பட’ அன்று, ‘ஃபட’ என்னும் வேறொரு வடசொல். வெவ்வேறு வழியாக வந்த இரு சொற்கள் தமிழிலே ஒரே ஒலியைப் பெற்றன.

மூன்றாவது, அசையும் படம். 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தபின் தமிழர்க்குப் ‘படம் பார்த்தல்’ என்றால் பேசும் படமே நினைவுக்கு வரலாயிற்று. 1947இல் திரைக்கு வந்த முதற் சிங்களப் பேசும்படத்தைத் தயாரித்தவரும் எஸ். எம். நாயகம் என்னும் தமிழரே. வெள்ளவத்தை சவோய் போன்ற அரங்குகளை மக்கள் ‘படமாளிகை’ என்றனர்.

எனினும், இச்சொல்லுக்கு ஆழ்ந்த பொருள் தந்தது வீட்டுச் சுவரே. கொட்டாஞ்சேனையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலில் சிலையாய் விளங்கும் இறைவன், அடியார் இல்லத்திற் படமாய் எழுந்தருளுகின்றான். அதே கொட்டாஞ்சேனையில், புனித லூசியாள் பேராலயத்தை அண்டி வாழும் கத்தோலிக்கர் இல்லங்களில் திருவிருதயப் படத்தின்முன் விளக்கு எரிகின்றது. இரு சாராரும் வழங்கும் சொல் ஒன்றே. அப்படங்களுக்கு அருகே, மறைந்த பெரியோரின் மாலையிட்ட படங்களும் தொங்கும்.

1983ஆம் ஆண்டு யூலை மாதம் தமிழர்க்கெதிரான வன்செயல் கொழும்பிலே மூண்டபோது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் தீக்கிரையாயின. தப்பியோடியவர் கையில் எடுத்தது சிறிது. எரிய விட்டது பெரிது. கட்டிலையும் பெட்டியையும் பின்னர் வாங்கலாம். தாயின் ஒரே படம் எரிந்தால் அதனை எக்கடையில் வாங்குவது? யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டிலோ, இலண்டனுக்கு முன்னரே அனுப்பிய கடிதத்தினுள்ளோ ஒரு படி எஞ்சியிருந்தால், அது புதையலாகப் போற்றப்பட்டது.

துணியாய்ப் பிறந்து, ஓவியமாய் வளர்ந்து, வெள்ளித்திரையில் ஆடிய சொல் இது. “அம்மாவின் படம் உங்களிடம் இருக்கிறதா?” என்று ஒருவர் கேட்கும்போது, அதன் பொருள் யாது என அறிய எவரும் அகராதியைப் புரட்டுவதில்லை.