பழைய கிளாரினெற்றும் சுருதியின் வரலாறும்

நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்திற் செய்யப்பட்ட மரக் கிளாரினெற் ஒன்று நம் கைக்கு வந்து சேர்கின்றது எனக் கொள்வோம். பொருத்துகளிற் சுற்றிய தக்கை உதிர்ந்துவிட்டது. துளைகளை மூடும் மெத்தைகள் பூச்சியரித்துள்ளன. சாவிகளைத் தாங்கும் ஊசி விற்கள் துருவேறியுள்ளன. திருத்துவோர் இவையனைத்தையும் புதுப்பித்து ஊதிப் பார்க்கின்றார். ஒலி கனிவாகவே எழுகின்றது. ஆனால், பியானோவுடன் சேர்த்து இசைத்ததும் ஒவ்வொரு சுரமும், அரைச்சுர இடைவெளியில் ஏறத்தாழப் பாதியளவு உயர்ந்து நிற்கின்றது. உடனே, "இது உதவாத கருவி" என்ற தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகின்றது. இத்தீர்ப்பு நியாயமானதா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் வினாவாகும்.

ஒரு பழைய கருவியின் குறைகள் மூவகையின. மரத்துக்கும் காலத்துக்கும் உரியவை ஒருவகை. செய்தவனின் கைக்கு உரியவை இன்னொரு வகை. மூன்றாவது வகையோ கருவிக்கு வெளியே, சமுதாய வரலாற்றில் உள்ளவை. இம்மூன்றையும் பிரித்தறியாது தரம் மதிப்பிட முடியாது.

முதலில் மரத்தை நோக்குவோம். 1700 ஆம் ஆண்டையொட்டி நூரன்பேர்க் நகரத்து யோகான் கிறிஸ்தோப் டென்னர் கிளாரினெற்றை உருவாக்கிய காலந்தொட்டு நெடுங்காலம் மஞ்சள் நிறப் பொக்ஸ் மரமே பெரிதும் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆபிரிக்கக் கருமரம் அதன் இடத்தைப் பிடித்தது. நீரில் மூழ்குமளவு அடர்த்தி கொண்ட இம்மரம் கிழக்காபிரிக்காவிலிருந்து, குடியேற்ற ஆட்சியின் துறைமுகங்கள் வழியாக, ஐரோப்பியப் பட்டறைகளைச் சென்றடைந்தது. கருவியின் மீது பட்டறையின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். மரத்தை வெட்டிச் சுமந்தவரின் பெயர் எங்கும் இராது. இந்த மரத்தின் பன்னாட்டு வாணிகம் 2017 இலேயே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. முற்றுப்பெற்ற இசைக்கருவிகளுக்கு 2019 இல் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே, வெடிப்பில்லாத பழைய கருமரக் குழல் ஒன்றை எளிதில் எறிந்துவிடுதல் தகாது. வெடிப்பு இருப்பினும் அது துளைகளை ஊடறுக்காவிடிற் பெரும்பாலும் அடைத்துச் செப்பனிடக்கூடியதே.

அடுத்து, செய்தவனின் கை. துளைகளின் விளிம்பு, உட்குழலின் வழவழப்பு, சாவிகளின் பொருத்தம் ஆகியவை இதனை உணர்த்தும். ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். சாவிகளின் அமைப்புப் பழையது என்பதாற் கருவி தாழ்ந்தது ஆகாது. இவான் முல்லர் 1812 இல் பதின்மூன்று சாவிக் கிளாரினெற்றைப் பாரிஸ் இசைக் கல்லூரியின் முன் வைத்தபோது அதன் குழு அதனை ஏற்க மறுத்தது. ஆயினும், அவர் வகுத்த வழியில் வளர்ந்த அமைப்பே இன்றும் ஜெர்மனியில் வாசிக்கப்படுகின்றது. குளோசேயும் புஃபேயும் 1839 இல் காட்சிக்கு வைத்த வேறோர் அமைப்பு உலகின் ஏனைய பகுதிகளிற் பரவியது.

இனி மூன்றாவது வகைக்கு வருவோம். இங்கிலாந்தின் இசைக்குழுக்களும் இராணுவ வாத்தியக் குழுக்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'ஏ' சுரத்தை விநாடிக்கு ஏறத்தாழ 452 அதிர்வுகளுக்கு உயர்த்தி வைத்திருந்தன. பிரான்சோ 1859 இலேயே 435 எனச் சட்டம் வகுத்துவிட்டது. 1895 இல் இலண்டன் குவீன்ஸ் மண்டபத்தில் ஹென்றி வூட் நடத்திய கச்சேரிகளுக்குப் பணம் உதவிய மருத்துவர் ஜோர்ஜ் காத்கார்ட், சுருதியைத் தாழ்த்தவேண்டும் என நிபந்தனை விதித்தார். ஊதுகருவி வாசிப்போர் எதிர்த்தனர். ஏனெனில், கருவி அவர்தம் சொந்த உடைமை. அதுவே அவர்தம் பிழைப்பு. தந்தியை முறுக்கித் தளர்த்தலாம். மரத்திலிட்ட துளையைத் தளர்த்த முடியாது. காத்கார்ட் பெல்ஜியத்திலிருந்து தாழ்சுருதிக் கருவிகளை வரவழைத்து இரவல் கொடுத்தார். ஒரு பருவம் கழிந்தபின், புதிய சுருதி நிலைத்துவிடும் எனக் கண்ட கலைஞர்கள் அவற்றை அவரிடமே விலைகொடுத்து வாங்கினர். இராணுவக் குழுக்கள் 1920களின் பிற்பகுதிவரை உயர்சுருதியையே பேணின. 1939 இல் இலண்டனிற் கூடிய பன்னாட்டு மாநாடு 440 என விதந்துரைத்தது.

மாற்றம் நன்மை பயந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. பாடகரின் குரல் வருத்தம் குறைந்தது. நாடுகளுக்கிடையே இசைக்கலைஞர் சென்றுவருதல் எளிதாயிற்று. ஆனால், மாற்றத்தின் செலவு யார் தோளில் விழுந்தது என்ற வினாவை இசை வரலாறு பெரும்பாலும் எழுப்புவதில்லை. "உதவாத கருவி" என இன்று ஒதுக்கப்படுவது, ஒரு தொழிலாளி தன் ஊதியத்தைச் சேர்த்து வாங்கிய முதலாகும்.

இத்தகைய கருவியைப் பியானோவுக்கு இசைவிக்க வேண்டி மேற்பகுதியை நீட்டுவோர் உளர். இது பயனற்றது. மேலே நீளம் கூட்டினால், ஊதுவாய்க்கு அண்மையிலுள்ள துளைகளின் சுரம் மிகுதியாகவும், தொலைவிலுள்ளவற்றின் சுரம் குறைவாகவும் தாழும். சுரங்களுக்கிடையிலான ஒழுங்கே குலையும். உட்குழலைக் குடைவதும் துளைகளை மாற்றுவதும் அதனினும் கேடு. கருவி கெடுவதோடு சான்றும் அழியும்.

ஆயின், இதற்கு வாழ்வே இல்லையா? தென்னிந்திய இசை ஒரு விடை தருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிளாரினெற் சதிர்க் கச்சேரியின் பக்கவாத்தியங்களுள் இடம்பெற்றது. 1931 இற் பிறந்த ஏ. கே. சி. நடராஜன் நாகசுரப் பயிற்சியின் வழிவந்து அதனைத் தனிக்கச்சேரிக் கருவியாக்கினார். நமது இசையில் ஆதார சட்சத்துக்கு நிலையான அதிர்வெண் விதிக்கப்படவில்லை; சுருதிப் பெட்டியோ தம்புராவோ வாசிப்பவரின் சுருதிக்கு இசைவிக்கப்படும். பியானோவின் முன் குற்றவாளியாக நின்ற அதே கருவி, தம்புராவின் முன் குற்றமற்றதாகின்றது. மரத்தில் எம்மாற்றமும் நிகழவில்லை, மாறியது அளவுகோலே.

எனவே, பழைய கருவியைத் திருத்துவோர் தக்கையையும் மெத்தையையும் விற்களையும் புதுப்பிக்கட்டும், குழலைத் தொடாதிருக்கட்டும். அதன் தரத்தைக் கூறுமுன், எந்தச் சுருதிக்காக, யாருடைய தேவைக்காக அது செய்யப்பட்டது என வினவட்டும். அவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே அக்கருவியைப் பற்றி நாம் தீர்ப்புக் கூற உரிமை பெறுகின்றோம்.