ஃபில்டர் வாங்கப் போறீங்களா? முதல்ல போர் தண்ணியில இரும்பு எவ்வளவுனு பாருங்க!

கருமத்தம்பட்டி பக்கம் குடிவந்தால் வீட்டில் ரெண்டு தண்ணி இருக்கும். குடிக்க நல்ல தண்ணி, மற்றதுக்கெல்லாம் போர்வெல் உப்புத்தண்ணி. பிடிக்கும்போது தெளிவாக இருந்த உப்புத்தண்ணி, கொஞ்ச நேரத்தில் கலங்கி பக்கெட் அடியில் பழுப்பாகப் படிகிறதா? இரும்பாக இருக்கலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்புக்கு நிறம் தெரியாது. காற்று பட்டதும் துருவாக மாறிவிடும்.

இந்த நேரம் பார்த்து ஃபில்டர் விற்பவர் டெமோ பெட்டியோடு வருவார். ஒரு டம்ளரில் உங்கள் தண்ணி, இன்னொன்றில் ஆர்.ஓ தண்ணி. கம்பிகளை விட்டு சுவிட்சைப் போட்டதும் உங்கள் டம்ளர் மட்டும் சேறு மாதிரி ஆகும். "பாத்தீங்களா, எவ்ளோ இரும்புனு!" என்பார். அந்தப் பழுப்பு பெரும்பாலும் அவருடைய இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்பு இருந்தால் கரன்ட் பாயும், ஆர்.ஓ தண்ணியில் அவ்வளவாகப் பாயாது. அதிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், வேடிக்கை தெரியும்! டி.டி.எஸ் மீட்டரும் இதற்கு உதவாது. மொத்த உப்பைத்தான் காட்டும், இரும்பைத் தனியாகச் சொல்லாது.

உண்மையான அளவுக்கு கலர் ஒப்பீட்டு கிட் போதும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமே இப்படி ஒரு கள ஆய்வு கிட் வைத்திருக்கிறது. மருந்துச் சொட்டு விட்டதும், கிட்டைப் பொறுத்து தண்ணீர் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ மாறும். இரும்பு கூடக்கூட நிறம் அழுத்தமாகும். அட்டையில் எந்த நிறத்தோடு ஒத்துப்போகிறதோ, அதுதான் அளவு.

சாம்பிள் எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். டேங்க் தண்ணி வேண்டாம், இரும்பு அடியில் படிந்திருக்கும். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பாட்டிலை வாய்வரை நிரப்பி, அங்கேயே டெஸ்ட் பண்ணுங்கள். கோடு வரை தண்ணி, சொன்ன அளவு சொட்டு, சொன்ன நேரம் காத்திருப்பு. பிறகு பகல் வெளிச்சத்தில், வெள்ளைப் பின்னணியில் கண்ணால் பாருங்கள். போட்டோ எடுத்து ஒப்பிடாதீர்கள். மொபைல் கேமரா நிறத்தைத் தானாகவே மாற்றிவிடும். அட்டையின் கடைசி நிறத்தையும் தாண்டினால், ஒரு பங்கு தண்ணிக்கு நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து புதிதாக டெஸ்ட் செய்து, வரும் எண்ணை 5-ஆல் பெருக்குங்கள். மருந்தில் ஆசிட் இருக்கலாம், கை பத்திரம்.

குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் 2012-ல் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்றிருந்த இரும்பு வரம்பு, 2015 திருத்தத்தில் 1 மில்லிகிராம் ஆனது. ஆனால் 0.3-ஐத் தாண்டினாலே வெள்ளைத் துணியிலும் டைல்ஸிலும் கறை விழ ஆரம்பிக்கும். ஜவுளி ஏரியாவில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: பெராக்சைடு ப்ளீச்சிங்கில் இரும்பு இருந்தால் துணியில் ஓட்டையே விழும்.

இன்னொரு டெஸ்ட் பாக்கி இருக்கிறது. காலையில் பாத்ரூம் குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணியையும் பாருங்கள். மோட்டார் வாயில் அளவு குறைவு, இங்கே அதிகம் என்றால், துருப்பிடித்தது உங்கள் பழைய ஜி.ஐ பைப். ஃபில்டர்காரரை விட்டுவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.