கலப்படமா, தீவனமா? இரு தேசியப் பால் ஆய்வுகளின் மறுவாசிப்பு

இந்தியாவில் உணவின் தரம் சரிந்துவருவதைப் பேசும் கட்டுரைகளில் 68.4 விழுக்காடு என்ற எண் தவறாமல் இடம்பெறுகிறது. நாட்டில் மூன்றில் இரண்டு பங்குப் பால் கலப்படப் பால் என்று அதிலிருந்து முடிவு கட்டுகிறார்கள். அந்த எண் 2011ஆம் ஆண்டின் தேசியப் பால் கலப்பட ஆய்வில் கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வு இம்முடிவுக்கு இடம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பால்காரரின் கேனோடு நம் பார்வையை நிறுத்திய இந்த வாசிப்பு, தீவனத்தில் தொடங்கும் கேட்டை நெடுநாள் மறைத்துவிட்டது.

ஆய்வில் எடுக்கப்பட்ட 1,791 மாதிரிகளில் 1,226 தரநிலைக்கு உட்படவில்லை. முந்தைய ஆய்வாளர்கள் இந்த வரியோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்த வரிகள் வேறு சொல்கின்றன. கொழுப்பும் இதர சத்தும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்கள்) அளவில் பிசகியவை 574. கொழுப்பு நீக்கிய பால்பவுடர் காணப்பட்டவை 548. அவற்றுள் 477இல் குளுக்கோஸும் இருந்தது. சோப்புத்தூள் போன்ற சலவைப்பொருள் தென்பட்டவை 103. பாத்திரங்களைச் சரியாகக் கழுவாததாலும் சலவைப்பொருள் தங்கியிருக்கலாம் என்று அறிக்கையே கருதுகிறது. அதை முழுவதும் வேண்டுமென்றே கலந்ததாகக் கொண்டாலும் மொத்த மாதிரிகளில் 6 விழுக்காட்டை எட்டாது.

மிகப் பெரிய பிரிவான 574ஐக் கவனிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் இதர சத்து குறையும் என்பது உண்மை. பசுந்தீவனம் கிடைக்காத கோடையில் வைக்கோலை மட்டும் தின்னும் மாட்டின் பாலிலும் அது குறையும். மாட்டின் இனம், கறவைப் பருவம் ஆகியவற்றைப் பொறுத்தும் மாறும். இவற்றில் எது காரணம் என்பதை மாதிரியில் கிடைக்கும் எண்ணை மட்டும் வைத்துப் பிரித்தறிய வழியில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் தரம் குறைந்த உணவைப் பிரிவு 51இன்கீழ் அபராதத்துக்கு உரியதாகவும், பாதுகாப்பற்ற உணவைப் பிரிவு 59இன்கீழ் சிறைத்தண்டனைக்கு உரியதாகவும் பிரித்தே வைத்திருக்கிறது. 68.4 என்ற எண்ணைக் கையாண்டவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

2018 மே முதல் அக்டோபர் வரை நடந்த இரண்டாவது ஆய்வு 1,103 நகரங்களில் 6,432 மாதிரிகளை எடுத்தது. உடலுக்குக் கேடான கலப்படம் அவற்றில் 12இல் மட்டுமே காணப்பட்டது. அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு, வரம்பான கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டியவை 368. அதாவது 5.7 விழுக்காடு. இந்த நச்சு நாடு முழுவதும் அளக்கப்பட்டது அதுவே முதல் முறை. 2011இல் எவரும் தேடவில்லை. ஆகவே கிடைக்கவும் இல்லை. வரம்பு மீறிய மாதிரிகள் அதிகம் கிடைத்த மூன்று இடங்களாக அறிக்கை குறிப்பவை தமிழ்நாடு, டெல்லி, கேரளம். பச்சைப் பாலைவிடப் பதப்படுத்திய பாலில் மீறல் கூடுதல் என்பது இன்னும் கவலைக்குரியது. பாக்கெட் பால் பாதுகாப்பானது என்ற பொது நம்பிக்கையை இது அசைக்கிறது.

நச்சின் வழி தெளிவானது. ஈரம் ஏறிய கடலைப் பிண்ணாக்கிலும் பருத்திக்கொட்டையிலும் மக்காச்சோளத்திலும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் பி1 நச்சை உண்டாக்குகிறது. மாடு தின்ற பி1இல் ஏறத்தாழ 1 முதல் 6 விழுக்காடு எம்1ஆக மாறிப் பாலுக்கு வருகிறது. கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் பி1 உள்ள தீவனத்தில் நாளுக்கு 4 கிலோ தின்று 10 லிட்டர் கறக்கும் மாட்டை எடுத்துக்கொள்வோம். 2 விழுக்காடு மாறினாலே லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம் ஆகிவிடும், வரம்பு மீறிவிடும். காய்ச்சினாலும் அது அழியாது. நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது.

பால் சொசைட்டியில் காலையில் நடப்பது நமக்குத் தெரியும். கேனில் லாக்டோமீட்டர் மிதக்கிறது. கரண்டியளவு பால் கருவிக்குள் போகிறது. கொழுப்பும் இதர சத்தும் அச்சிட்ட சீட்டு வருகிறது. அந்த இரு எண்களே விலையைத் தீர்மானிக்கின்றன. குளுக்கோஸும் பால்பவுடரும் நுழைவதற்கான தூண்டுதல் இந்த விலைமுறையில்தான் இருக்கிறது. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை ஒதுக்கி நல்லதை வாங்கிப்போட்டவருக்கு அச்சீட்டில் ஒரு பைசாவும் கூடுவதில்லை. மனிதர் தின்ன ஆகாது என்று கழித்த தானியம் மாட்டின் தொட்டிக்குப் போவதற்கு இந்த விலைமுறையே முதற்காரணம் என்று கருதுகிறேன். உழவரின் அலட்சியத்தைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது.

5.7 விழுக்காடு சிறிய அளவுதானே என்பார்கள். அஃப்ளாடாக்சின்கள் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குபவை எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியவை. பாலை நாள்தோறும் குடிப்பவர்கள் குழந்தைகள். இதற்கு மேல் விடை தேவையில்லை. 68.4இலிருந்து நிலைமை சீராகிவிட்டது என்று இரு ஆய்வுகளையும் ஒப்பிட்டு ஆறுதல் கொள்வதும் ஏற்கத்தக்கதல்ல. தேடிய பொருள்களும் மாதிரி எடுத்த முறையும் வேறானவை. சரிவுக்கும் சரி, மேம்பாட்டுக்கும் சரி, இவ்விரண்டும் சான்றாகா.

வணிகத் தீவனம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநிலைக்கு உட்பட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 இறுதியில் பணித்தது. சரியான திசை, ஆனால் சில்லறையில் நிறுத்து வாங்கும் பிண்ணாக்கும் வீட்டில் சேமித்த தானியமும் அதற்கு வெளியே நின்றன. அடுத்த தேசிய ஆய்வு ஒவ்வொரு பால் மாதிரியோடும் அந்த மாடு தின்ற தீவனத்தின் மாதிரியையும் எடுக்க வேண்டும். சொசைட்டியின் விலைச்சீட்டில் நச்சின்மைக்கும் ஊக்கத்தொகை சேர வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் கலப்படக்காரரை மட்டும் துரத்தும் ஆய்வு எத்தனை முறை நடந்தாலும் குழந்தையின் பாலில் உள்ள நச்சு குறையாது.