குறும்பார்வையும் கத்தியும் கதிரும்

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்குக் குறைவில்லை. கண்ணாடி அணிந்த இளையோர் பலர், "லேசர் செய்தால் இதைக் கழற்றிவிடலாமாமே" என்று விசாரிக்கிறார்கள். கண் வைத்தியம் இந்நகருக்குப் புதிதன்று. எட்வர்ட் ஸ்கின்னர் வடிவமைத்த விக்டோரியா ஞாபகார்த்தக் கண் வைத்தியசாலை 1906ஆம் ஆண்டே திறக்கப்பட்டது. எனினும் அக்காலத்தில் குறும்பார்வை என்று வந்தவருக்குக் கண்ணாடிதான் விதி.

அந்த விதியை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஜப்பானிய வைத்தியர் சுடோமு சாட்டோ. கண்ணின் முன்புறத்திலுள்ள விழிவெண்படலம் கூம்பாகப் புடைக்கும் நோயில், படலம் உட்புறம் கிழிந்து ஆறியபின் தட்டையாவதை அவர் 1930களில் கண்டார். அப்படியாயின் வேண்டுமென்றே கீறினால் என்ன? படலத்தின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் கீறிப் பலருக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பார்வை தெளிந்தது. ஆனால் உட்புறத்திலுள்ள மெல்லிய உயிரணு அடுக்கே நீரை வெளியேற்றிப் படலத்தைத் தெளிவாக வைத்திருக்கிறது என்பதும், அழிந்தால் அது மீண்டும் வளராது என்பதும் அன்று அறியப்படவில்லை. சுமார் இருபது ஆண்டுகளின் பின், இளமையில் கண்ணாடியைக் கழற்றியவர்கள் பலரின் படலம் வீங்கி மங்கியது. இவ்வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

1970களில் சோவியத் வைத்தியர் பியோதரவ் வெளிப்புறத்தில் மட்டும் ஆரைகளாகக் கீறும் முறையைப் பரப்பினார். அமெரிக்கர் இம்முறை அதை அப்படியே நம்பிவிடவில்லை. ஒன்பது நிலையங்களில் நோயாளரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1994இல் வெளியான முடிவின்படி, 43 விழுக்காடு கண்கள் ஒரு டயொப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வையின் பக்கம் நகர்ந்திருந்தன. ஓராண்டோடு ஆய்வை முடித்திருந்தால் இந்த மெதுவான நகர்வு முழுமையாகப் புலப்பட்டிராது.

இதற்கிடையில் கத்தியின் இடத்தைக் கதிர் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அதில் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசுவாமி ஸ்ரீனிவாசனுக்குப் பெரும் பங்குண்டு. ஐபிஎம் ஆய்வுகூடத்தில் அவரும் ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளும் ஆகியோரும் 193 நனோமீற்றர் எக்சைமர் லேசரை ஆராய்ந்து வந்தனர். 1981 நவம்பரில், நன்றியறிதல் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் அக்கதிரைப் பாய்ச்சினார் ஸ்ரீனிவாசன். அயலிலுள்ள இழையம் கருகவில்லை. வெட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தது. சுட்டெரிக்காமல் மூலக்கூற்றுப் பிணைப்புகளையே அறுப்பது இக்கதிரின் இயல்பு. 1983இல் கண் வைத்தியர் ஸ்டீபன் ட்ரோகலுடன் சேர்ந்து விழிவெண்படலத்தில் இதன் விளைவை அவர் வெளியிட்டார்.

1988இல் அமெரிக்காவில் மார்கரெட் மெக்டொனால்ட், பார்வையுள்ள மனிதக் கண்ணொன்றில் இதைப் பரீட்சித்தார். அந்தக் கண் ஒரு புற்றுநோயாளியுடையது. எப்படியும் அகற்றப்படவிருந்த தம் கண்ணை ஆய்வுக்குக் கொடுக்க அப்பெண்மணி தாமே முன்வந்தார். பேர் பெற்ற விஞ்ஞானிகளின் வரிசையில் அவரையும் வைக்கவேண்டும் என்பேன். 1990 அளவில் கிரேக்க வைத்தியர் பாலிகாரிஸ், படலத்தின் மேலேட்டைத் திறந்து அடியில் கதிர் செலுத்தும் லேசிக் முறையை வகுத்தார். 1995இல் அமெரிக்க அரசு எக்சைமர் லேசரை அனுமதித்தது. 2013இல் ஸ்ரீனிவாசனுக்கும் அவருடைய இரு சகாக்களுக்கும் வெள்ளை மாளிகையில் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

இன்று லேசிக் கேட்டு வருபவரின் படலத் தடிப்பையும் வளைவையும் வைத்தியர் முதலில் அளக்கிறார். அவர் தேடுவது முக்கியமாக ஒன்றை: சாட்டோவுக்கு யோசனை தந்த அதே கூம்பு நோயின் அறிகுறியை. தெற்காசியரிடையே கூடுதலாகக் காணப்படும் அந்நோயின் சாயல் தெரிந்தால், அவர் கண்ணாடியோடேயே திருப்பி அனுப்பப்படுகிறார்.