குவாய் ஆற்றுப் பாலம்: படமும் வரலாறும்

‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ 1957இல் வெளிவந்த ஆங்கிலப் போர்ப்படம். டேவிட் லீன் இயக்க, சாம் ஸ்பீகல் தயாரித்தார். இரண்டாம் உலகப் போரின்போது சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் இணைத்து ஜப்பானியர் போட்ட ரயில்பாதைதான் கதைக்களம். சிறந்த படம், இயக்கம், நடிப்பு உட்பட ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்றது. படத்தின் கலைத்தரம் பற்றிக் கேள்வியே இல்லை. ஆனால் வரலாறு என்று எடுத்துக்கொண்டால் அதில் தேறுவது கொஞ்சம்தான்: ரயில்பாதை போட்டார்கள், போர்க் கைதிகளை அதில் வேலை வாங்கினார்கள், ஒரு பாலம் கட்டப்பட்டது.

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. பர்மாவிலிருந்த படைகளுக்குக் கடல்வழியே சரக்கு அனுப்புவது நேச நாட்டுத் தாக்குதல்களால் ஆபத்தாகிவிட்டதே இந்த அவசரத்துக்குக் காரணம். 60,000க்கு மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் இங்கே வேலை செய்தார்கள். 12,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பசியும் வாந்திபேதியும் மலேரியாவும் தின்ற உடம்புகள் அவை. படத்தில் சீழ்க்கையடித்தபடி முகாமுக்குள் அணிவகுத்து வருகிறவர்களின் உடம்புவாகே வேறு.

படத்தின் மூலம், பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட நாவல். பூல் போருக்கு முன் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். போரின்போது சிறைப்பட்டதும் உண்மைதான். ஆனால் இந்தோசீனாவில், விஷி பிரெஞ்சு அரசின் கையில். ரயில்பாதை முகாம் எதிலும் அவர் இருந்ததில்லை. எதிரிக்கு உதவுகிறோம் என்ற உணர்வே இல்லாமல் உயிரைக் கொடுத்துப் பாலம் கட்டும் கர்னல் நிக்கல்சனை, எதிரியோடு ஒத்துப்போன பிரெஞ்சு அதிகாரிகளை மனத்தில் வைத்தே படைத்ததாகப் பின்னாளில் சொன்னார். திரைக்கதைக்கான ஆஸ்கரும் பூலுக்கே போனது. அதை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் அவர்கள் பெயர் படத்தில் வரவில்லை. 1984இல்தான் விருது அவர்கள் பெயருக்கு மாறியது.

பாலம் இருந்த தமர்கன் முகாமில் மூத்த பிரிட்டிஷ் அதிகாரி லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசி. நிக்கல்சனுக்கும் அவருக்கும் பதவியைத் தவிரப் பொருத்தம் இல்லை. வேலையை இழுத்தடிக்கப் பார்த்தவர் அவர். மரப்பாலத்தில் கொண்டுபோய்க் கறையான் விட்டதையும், கான்கிரீட்டைக் கலவை கெடும்படி கலந்ததையும் கைதிகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். காஞ்சனபுரி வியாபாரி பூன்பொங் திருட்டுத்தனமாக அனுப்பிய மருந்தும் உணவும் முகாமுக்குள் வர வழிசெய்தவரும் டூசிதான். படம் வந்ததும் முன்னாள் கைதிகள் கொதித்தார்கள். டூசி தன்னைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார். சைட்டோ என்ற பெயரிலும் ஒருவர் அங்கே இருந்தார். படத்தில் வருவதுபோல் முகாமின் தளபதி அல்ல, அடுத்த நிலையில் இருந்த சார்ஜன்ட் மேஜர். போருக்குப் பின் நடந்த விசாரணையில் அவருக்காகப் பரிந்து பேசியவர் டூசி. 1975இல் டூசி இறந்தபின் சைட்டோ இங்கிலாந்து போய் அவருடைய கல்லறையில் அஞ்சலி செலுத்தினார். எந்தத் திரைக்கதை ஆசிரியருக்கும் தோன்றாத காட்சி இது.

ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாது, பிரிட்டிஷ்காரர் வந்துதான் இடத்தை மாற்றி வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள் என்று படம் காட்டியது அப்பட்டமான பொய். அளவெடுத்ததும் திட்டமிட்டதும் கட்டுமானத்தை நடத்தியதும் ஜப்பானிய ரயில்வே படைப்பிரிவுகள். தமர்கனில் கட்டியவையும் இரண்டு பாலங்கள்: 1943 பிப்ரவரியில் முடிந்த மரப்பாலம், சில மாதம் கழித்து ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சட்டங்களால் எழுப்பிய இரும்புப்பாலம். படத்தில் வருவதுபோல் எந்த அதிரடிப் படையும் அவற்றைத் தகர்க்கவில்லை. ஏறக்குறைய இரண்டாண்டு ரயில் ஓடியபின் விமானக் குண்டுவீச்சில் சேதமடைந்தன. நாவலிலேயே பாலம் தப்பித்துவிடுகிறது. படத்துக்காக இலங்கையின் கித்துல்கலயில் களனி ஆற்றின் குறுக்கே கட்டிய பாலத்தைத்தான், 1957 மார்ச்சில், பிரதமர் பண்டாரநாயக்கா பார்த்திருக்க நிஜ ரயிலோடு தகர்த்தார்கள்.

ஆற்றின் பெயரும் தவறு. பாலம் நின்றது மே குளோங் ஆற்றின்மேல். பாதை குவே நொய் (குவாய்) ஆற்றையொட்டிப் போனதை அறிந்திருந்த பூல், பாலமும் அதன்மேல்தான் என்று நினைத்துவிட்டார். படத்தைப் பார்த்து வந்த பயணிகள் இல்லாத ஆற்றைத் தேடியதால், 1960 வாக்கில் தாய்லாந்து ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் வைத்தது. படத்தின் பிழைக்கேற்ப நிலப்படத்தையே திருத்திய கதை உலகில் அதிகம் இருக்காது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பிழை, படம் காட்டாமல் விட்டது. கைதிகளைப்போல் சில மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் அந்தப் பாதையில் உழைத்தார்கள்: பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர். ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலையில்லாத நேரம். நல்ல கூலி, குறுகிய கால ஒப்பந்தம் என்று முதலில் ஆசைகாட்டினார்கள். ஆள் வராமல் போனதும் வளைத்துப் பிடித்தார்கள். இலவசமாகச் சினிமா காட்டுவதாக அழைத்து, கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி ஆண்களை ரயிலேற்றியதும் நடந்தது. கைதிகளிடமாவது படை ஒழுங்கு இருந்தது, மருத்துவர்கள் இருந்தார்கள். இவர்களுக்கு இரண்டும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. இறந்தோர் ஏறத்தாழ 90,000 என்பது மதிப்பீடே. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தொழிலாளர்கள் பெரும்பாலும் அடையாளமற்ற குழிகளில் புதைந்தார்கள்.

டூசிக்காக வாதாடிய முன்னாள் கைதிகளும் இந்தக் குறையைப் பெரிதாக எழுப்பவில்லை. படத்தைப் பார்த்தவர்கள், அந்தத் தமிழர்களின் கதையைச் சொல்லும் மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலையும், அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ நாவலையும் அவசியம் படிக்க வேண்டும்.