பாக்குவெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன கோட்டைகளும் கல்வெட்டுகளும் போர்க்களங்களுமே. அரசர் ஏந்திய வாளைக் கருவூலம் காத்தது. ஆண்டவனுக்குப் படைத்த அணிகலனைக் கோயில் காத்தது. எளியவர் வீட்டுச் செம்பையும் அடுப்பங்கரை விளக்கையும் காத்தவர் யார்? அவை நசுங்கின, ஓட்டையாயின. பிறகு நிறுத்து விற்கப்பட்டு உலையில் உருகின. அவற்றுடன், நம் முன்னோர் நாள்தோறும் வாழ்ந்த முறைக்கான சான்றுகளும் உருகிப் போயின.

இந்த இழப்பைத் தம்மால் இயன்றவரை தடுக்க முற்பட்டவர் புனே நகரத்துத் தினகர் கங்காதர் கேல்கர் (1896–1990). மூக்குக் கண்ணாடி வணிகம் செய்த அவர், மராத்தியில் ‘அஞ்ஞாதவாசி’ என்னும் புனைபெயரில் கவிதையும் எழுதினார். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பழம்பொருள்களைத் திரட்டத் தொடங்கினார். அவருடைய மகன் ராஜா சிறு வயதிலேயே மறைந்தான். அம்மைந்தன் பெயரையே தம் சேகரிப்புக்குச் சூட்டினார் தந்தை. 1975-ஆம் ஆண்டில் அச்செல்வம் முழுவதையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். ஒரு வீட்டில் தொடங்கிய முயற்சி, 20,000-க்கு மேற்பட்ட பொருள்களைக் கொண்ட ‘ராஜா தினகர் கேல்கர் அரும்பொருட் காட்சிச்சாலை’யாக விளங்குகிறது.

அங்கே நாம் காண்பவை பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் வீட்டுப் பொருள்கள்: விளக்குகள், மைக்கூடுகள், சமையற் பாத்திரங்கள், இசைக் கருவிகள், வேலைப்பாடமைந்த கதவுகள். குதிகாலைத் தேய்க்கும் ‘வஜ்ரி’ என்னும் கருவியின் மேற்புறத்தையும் கன்னான் வெறுமையாக விடவில்லை. பறவையாகவும் விலங்காகவும் சமைத்திருக்கிறான். பயனும் அழகும் பிரியாதிருந்த காலத்தை அது காட்டுகிறது. அதனைச் செய்தவன் பெயரோ எங்கும் இல்லை. அவனும் ஓர் அஞ்ஞாதவாசியே.

இப்பொருள்களோடு சொற்களும் வாழ்கின்றன. நம் குத்துவிளக்கை ஒத்ததை மராத்தியர் ‘சமயீ’ என்பர். பாக்குவெட்டிக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘அட்கித்தா’. பாக்கைக் கன்னடர் ‘அடிகே’ என்பதையும், பழந்தமிழர் ‘அடைக்காய்’ என்றதையும் எண்ணிப் பார்த்தால், ஒரு சிறு கருவியின் பெயரில் மூன்று மொழிகளின் உறவு புலப்படும். வெற்றிலைத் தட்டு வீட்டை விட்டு நீங்கும்போது இத்தகைய சொற்களும் நாவை விட்டு நீங்குகின்றன.

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் குடியேறிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வேலை மாற்றம் வரும்போதெல்லாம் பாரம் குறைக்கிறோம். எவர்சில்வர் வந்த நாளில் பாட்டியின் பித்தளைத் தவலையை எடைக்குப் போட்ட குடும்பங்கள் நம்மிடையே பல. எஞ்சியவை பரணில் கிடக்கின்றன. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சேவை நாழியும் தெரியாது. அதன் பெயரும் தெரியாது.

எல்லாவற்றையும் காப்பது எவராலும் இயலாது. ஆயினும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு பொருளையேனும் காக்கலாம். அதன் பெயர், வாங்கிய ஊர், கையாண்டவர், பயன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதனுடன் வைக்கலாம். நம் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் ஓர் அலமாரி ஒதுக்கினால், அத்தகைய பொருள்கள் ஓரிடத்தில் சேரும். பெயரும் பயனும் அறியப்படாத பொருள் வெறும் உலோகம்; அதற்குப் பழைய பாத்திரக்காரர் தருவது எடைக்கான விலைதான். அதன் கதையை அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே எழுதி வைத்துவிட்டால், அப்பொருள் நம் பிள்ளைகளுடன் பேசும்.